பறையும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

‘இக்காலக் கலை, பண்பாட்டுச் செய்திகளும் விவாதங்களும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். பொருள் மிகப் பெரிது. அதனை முழுவதும் அளக்க நமக்கு ஆற்றலும் இல்லை. அவையோருக்கு நேரமும் இல்லை. ஆகவே அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் வந்த மூன்று செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை மூன்றும் நம் தெருவுக்குள் வந்து எழுப்பும் ஒரு கேள்விக்கு விடை காண முயல்வோம்.

அக்கேள்வி யாது? சென்ற பொதுக்குழுவில் இருந்தவர்கள் அறிவார்கள். மாலைப் பாடசாலையில் பறையிசையும் கற்பிக்க வேண்டும் என்று இளைஞர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தனர். “இதற்காகவா இச்சங்கத்தைத் தொடங்கினோம்?” என்று முதியோர் எழுந்து கேட்டனர். மூத்த உறுப்பினர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்த கேள்வி தானே மறைந்துவிடாது. அதனை இன்று அச்சமின்றி எடுத்துப் பேசுவோம்.

மூன்று செய்திகள்

முதற்செய்தி 2025ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி வந்தது. மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. பறையடிப்பவர் பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டியவர் என்று எண்ணிப் பழகிய நாட்டில், அக்கருவியைக் கற்பிக்கும் ஆசான் ஒருவர் நாட்டின் விருதாளர் பட்டியலில் இடம்பெற்றார்.

இரண்டாவது செய்தி 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலை எழுதினார். மிருதங்கத்திற்குப் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் வேண்டும். அவற்றைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதி கூட்டித் தருபவர்களுள் மிகப் பலர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தஞ்சாவூர்ச் செவித்தியான் குடும்பத்தாரின் கைத்திறன் இல்லையேல் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் அவ்வாறு ஒலித்திருக்காது. இதனைச் சொன்ன நூலின் வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த அரசுசார் கலை நிறுவனம் ஒன்று, நூலில் சர்ச்சையும் அரசியலும் உள்ளன என்று கூறி இசைவைத் திரும்பப் பெற்றது. விழா சென்னையில் வேறோர் இடத்தில் நடந்தேறியது.

மூன்றாவது செய்தி 2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வந்தது. சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு மேடையேறியது. சேரிகளில் பிறந்த கானாப் பாட்டும் மேனாட்டு இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதி பேதமற்ற’ என்னும் சொல்லாட்சியிலிருந்தே குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. நம் இளைஞர்கள் அப்பாடல்களைக் கைப்பேசியில் கேட்கிறார்கள்; கேட்டுவிட்டுத்தான் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

இம்மூன்று செய்திகளிலும் தோல் இருக்கிறது. தோலைத் தொட்ட கை இருக்கிறது. அக்கையை உலகம் எவ்வாறு பார்க்கிறது என்னும் வினா இருக்கிறது.

பறை என்னும் சொல்

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாள மொழியில் இன்றும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்குகிறது. தொல்காப்பியர் ஐந்திணைக்கு உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் எண்ணுகிறார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பின்வந்த இலக்கணிகள் பெயர் கூறுகின்றனர். ஆக, பறை ஒரு சாதியின் கருவியாக அன்று இல்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை இருந்தது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று நான்கு குடிகளைப் பெருமையோடு எண்ணுகிறது. அவற்றுள் பறையனும் ஒருவன். ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர்பாடிச் சிறுமியர் கண்ணனிடம் கேட்கும் பொருள் பறைதான். மார்கழி விடியலில் அப்பாடல்கள் கோயிலுக்குள் ஒலித்த நூற்றாண்டுகளில், பறையை ஏந்தியவன் கோயிலுக்கு வெளியே நின்றான்.

இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்க காலத்தில் பறை வெற்றிக்கும் விழாவுக்கும் மட்டுமே ஒலித்தது, சாவுக்கு ஒலித்தது பிற்காலத்து இழிவு என்று மேடைகளில் சிலர் முழங்குகிறார்கள். அது முழு உண்மையன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கண்டு வருந்திய புலவர் பக்குடுக்கை நன்கணியாரின் பாடல் புறநானூற்றிலேயே உள்ளது. சாவுக்குப் பறை கொட்டுவது இழிவானதன்று. இறந்தவனை ஊரறிய வழியனுப்புவது மானிடக் கடமை. அக்கடமையை ஒரு குடியின் தலையில் மட்டும் கட்டி, ‘மாட்டேன்’ என்னும் சொல்லை அக்குடியின் வாயிலிருந்து பறித்ததே இழிவு. நம் உரையின் மையக் கருத்து இதுவே.

அவ்விழிவு கடல் கடந்தும் பரவியது. ஆங்கில அகராதியில் ‘பறையா’ என்றொரு சொல் உண்டு. யாவராலும் ஒதுக்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். ஓர் இசைக்கருவியின் பெயர் மானிடரைத் தள்ளிவைக்கும் சொல்லாக உலக மொழி ஒன்றில் ஏறிவிட்டது. “அந்தப் பெயரே வேண்டாம்” என்று நம் முதியோர் கூறும்போது, அவர்களுடைய நெஞ்சில் எரியும் நெருப்பை இளைஞர்கள் உணர வேண்டும்.

ஒரே குடும்பத்தில் இரு கருத்துகள்

இவ்விவாதம் நம் பொதுக்குழுவில் தோன்றியதன்று. நூற்று முப்பது ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனார் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எப்பெயரைச் சொல்லி இழித்தார்களோ அப்பெயரையே தலைப்பில் பொறித்து, அதனைச் சொல்ல அஞ்சாதவனே உரிமை பெறுவான் என்று அவர் கருதினார். அவருடைய மைத்துனர் முறையினரான அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரை ஏற்க மறுத்தார். அது பகைவர் இட்ட பெயர், நாம் பண்டைப் பௌத்தர் என்று எழுதினார். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பின்னர் 1922ஆம் ஆண்டு, சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. ராஜா அவர்கள் முன்மொழிந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஆவணங்களில் பழைய பெயர்களுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் வந்தது.

ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் கொண்ட இருவர் இருவேறு வழி சென்றார்கள். அவருள் எவரை நாம் துரோகி என்போம்? எவருமே அல்லர். இருவரும் நமக்கு முன்னோர். ஆகவே, பறையை வேண்டுபவன் பழைமைவாதி என்றோ, வேண்டாதவன் தன் வேரை மறந்தவன் என்றோ இம்மண்டபத்தில் எவரும் கூறற்க.

நம் வீட்டுப் பறை

இனி, வீட்டுக் கதை ஒன்று கூறுவதற்கு அவையோர் பொறுத்தருள வேண்டும்.

நம் பாட்டனார் ஊருக்குப் பறையடித்தவர். வேப்பமரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி வட்டமாக இணைத்து, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அவரே கருவியைச் செய்வார். இடக்கையில் நீண்ட மூங்கிற் சிண்டுக்குச்சி. வலக்கையில் பூவரசங்கட்டையால் ஆன அடிகுச்சி. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். காய்ச்சலாயினும் போக வேண்டும். தம் வீட்டில் பிள்ளை நோயுற்றுக் கிடந்தாலும் போக வேண்டும். கால் செருப்பின்றிப் பந்தலுக்கு வெளியே நின்று, பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். கூலி என்று பேசியது இல்லை. அறுவடையில் களத்து மேட்டில் அள்ளிப் போடும் சில மரக்கால் நெல்லும், அன்று ஊற்றிக் கொடுக்கும் சாராயமுமே கூலி. அச்சாராயம் அவர் ஆயுளைக் குடித்தது.

நம் தந்தையார் இளைஞரானதும் ஒரு நாள் ஆள் வந்தபோது ‘வரமாட்டேன்’ என்றார். அச்சொல்லுக்கு நம் தெரு முழுவதும் விலை கொடுத்தது. வயல்வேலை நின்றது, கடையில் உப்பு கிடைக்கவில்லை, மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்ட வழி அடைக்கப்பட்டது. நான்கு திங்கள் அவ்வாறு சென்றது. தந்தையார் பக்கத்து நகரில் மூட்டை தூக்கினார். அந்தக் கூலியில்தான் நாம் பள்ளிக்குச் சென்றோம், அரசு மாணவர் விடுதியில் தங்கிப் படித்தோம், பி.ஏ., பி.எட். என்னும் எழுத்துகள் நம் பெயருக்குப் பின்னால் வந்தன. “குச்சியைக் கீழே போட்ட கைதான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது” என்று தந்தையார் இறுதிநாள் வரை கூறிவந்தார். அவ்வாறு கூறியவரின் மகன், பறை வாழ்க என்று எளிதில் சொல்லிவிட இயலுமா?

ஆயினும் இன்னொரு நினைவும் நம்மிடம் உண்டு. நம் தெரு அம்மன் திருவிழா இரவுகளில் பாட்டனார் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். விரலால் தட்டிப் பார்ப்பார். ஒலி ஏறியதும் சாமிச்சாட்டு அடியில் தொடங்கி மருள் அடிக்கு வருவார். வயோதிகப் பெண்களும் எழுந்து ஆடுவார்கள். அன்று அவர் உடலில் கூனல் இராது. அவ்வடிக்கு அவரை அழைத்தவர் எவருமில்லை. அவரே விரும்பி அடித்தார். பந்தலுக்கு வெளியே நின்ற கையும், நம் தெருவின் நடுவே நின்ற கையும் ஒரே கைதான், கருவியும் ஒன்றுதான். முன்னது கட்டளைக்கு அடித்தது. பின்னது விருப்பத்துக்கு அடித்தது. முன்னதற்குப் பெயர் ஊழியம். பின்னதற்குப் பெயர் கலை.

அண்ணல் காட்டிய வழி

அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியையும் இழிதொழில்களையும் விட்டொழிக்குமாறு மக்களுக்குக் கூறினார். அடுத்த ஆண்டே, மகார் மக்களை ஊரூழியத்தில் கட்டிவைத்திருந்த வதன் முறையைத் திருத்தப் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். சிறு நிலத்தையும் தானியப் பங்கையும் காட்டி இரவும் பகலும் வேலை வாங்கும் முறை அது. அம்முறைக்குள் சிறைப்பட்ட மனிதனுக்கு உழைப்பும் உரிமையன்று, ஓய்வும் உரிமையன்று. நம் தந்தையார் அம்பேத்கரைப் படித்தவரல்லர். ஆயினும் அவர் செய்தது அதுவே.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, நம்மவரைக் கட்டாயப்படுத்திப் பிணத்தையோ விலங்கின் சடலத்தையோ சுமக்கச் செய்வதும், குழி வெட்டச் செய்வதும் குற்றம் என்று தெளிவாக எழுதப்பட்டது. நம் இளைஞர்கள் பறையின் அடிவகைகளைக் கற்குமுன் இப்பிரிவுகளைக் கற்க வேண்டும்.

மீட்டவர்களும் ஓர் எச்சரிக்கையும்

விட்டொழித்தவர்கள் ஒருபுறமிருக்க, மீட்டெடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழுவில் பெரும்பாலும் தலித் குடும்பத்து இளம்பெண்களே பறையேந்தி ஆடுகிறார்கள். பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவியைப் பெண்கள் கையில் கொடுத்து, அதனோடு தையலும் கல்வியும் தன்னம்பிக்கையும் கற்பித்த குழு அது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள், பறையொலியையும் நாட்டுப்பாடலையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டு சென்றார். இவர்கள் எவரும் ஊர் அழைத்ததற்காகப் பறையேந்தவில்லை. இழிவைப் போக்கவே ஏந்தினார்கள்.

எனினும் வரலாறு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. சதிர் என்று வழங்கிய ஆடற்கலை சென்ற நூற்றாண்டில் பரதநாட்டியம் ஆயிற்று. 1932இல் சென்னை மியூசிக் அகாடமியில் அப்பெயருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேறியது. 1947இல் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் நெடுநாள் உழைப்பின் பயன் அது. பெண்ணை விடுவித்த அச்சட்டத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் நடந்ததை முழுவதும் பாருங்கள். ஆடல் உயர்ந்தது, அரங்கேறியது, கடல் கடந்தது. அதனை வழிவழியாகக் காத்த குடும்பங்களின் பெண்களுள் மேடையில் நிலைத்து நின்றவர் மிகச் சிலர். 1973இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற பாலசரஸ்வதி அம்மையார் போன்றோர் விதிவிலக்கு. கலைக்கு மதிப்பு வந்தது. காத்தவர்க்கு அம்மதிப்பில் பங்கு கிட்டவில்லை.

பறைக்கும் அது நேரலாம். நகரங்களில் வார இறுதிப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. கல்லூரி விழாக்களிலும் திரைப்படங்களிலும் பறை ஒலிக்கிறது. எல்லாச் சாதியினரும் கற்பது நன்று. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் மேடையில் அடிக்கும்போது மட்டும் அது தமிழர் இசை, சாவு வீட்டில் அடிக்கும்போது மட்டும் அது நம் சாதித்தொழில் என்று ஆகிவிடுமானால், புகழ் ஒரு தெருவுக்கும் இழிவு மற்றொரு தெருவுக்கும் பங்கிடப்பட்டதாக முடியும். மிருதங்கத்துக்கு நேர்ந்ததும் அதுவே. வாசிப்பவர் பெயரை உலகம் அறியும். செய்தவர் பெயரை எழுத ஒருவர் முன்வர நெடுங்காலம் ஆயிற்று.

பள்ளியில் கண்டது

அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. நாம் தலைமையாசிரியராகப் பணியாற்றும் பள்ளியில், முதல் ஆண்டு தோற்கருவிப் போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைத் தேர்ந்தோம். மேசையில் விரலால் தாளம் போட்டு ஆசிரியர்களிடம் அடிக்கடி திட்டு வாங்குபவன். பறையை அவன் கையில் கொடுத்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

மறுநாள் அவனுடைய தந்தை வந்தார். அவர் இன்றும் சாவுக்கு அடிப்பவர். கைகட்டி நின்று, “சார், அவன் கையிலே பேனா இருக்கட்டும். இந்தக் குச்சி என்னோட போகட்டும்” என்றார். நம் தந்தையாரே வந்து பேசியது போலிருந்தது. மறுமொழி கூற இயலவில்லை. அவ்வாண்டு பறை, ஆய்வகத்து அலமாரி மேலேயே கிடந்தது.

அடுத்த ஆண்டு, ஊர்த்தெருப் பிள்ளைகள் மூவர், அவருள் ஒருத்தி சிறுமி, தாங்களே வந்து “எங்களுக்கும் கற்றுத் தருவீர்களா?” என்று கேட்டார்கள். அச்செய்தி எவ்வாறோ அத்தந்தையின் காதுக்கு எட்டியது. மீண்டும் வந்தார். “அவங்க வீட்டுப் பிள்ளைங்களும் இதை அடிக்குமா, சார்?” என்று கேட்டார். ஆம் என்றோம். நெடுநேரம் தரையைப் பார்த்து நின்றுவிட்டு, “அப்போ நானே வந்து சொல்லிக் கொடுக்கிறேன்” என்றார். அவருக்கு ஆசிரியர் அறையில் நாற்காலி போட்டோம். மாணவர்கள் அவரை ‘ஆசான்’ என்று அழைத்தார்கள். அவரும் முதல் நாள் நாற்காலியின் விளிம்பிலேயே அமர்ந்திருந்தார்.

எல்லாம் நலமாக முடிந்தது என்று கூறினால் பொய்யாகும். ஊர்த்தெருப் பிள்ளைகள் மூவருள் இருவரைப் பெற்றோர் நிறுத்திவிட்டனர். ஒருவர் நம்மிடம் வந்து, “தலைமையாசிரியர் உங்கள் வேலையைக் காட்டிவிட்டீர்கள்” என்று குத்தலாகக் கூறிச் சென்றார். அச்சிறுமி மட்டும் இறுதிவரை நின்றாள். குழு வட்டார அளவில் பரிசு பெறவில்லை. ஆனால் அந்தத் தந்தை தம் மகன் மேடையேறி அடிப்பதை முன்வரிசையில் அமர்ந்து பார்த்தார். அம்மாணவன் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறினான். அவன் கையில் பேனாவும் இருக்கிறது.

நாம் என் செய்வது?

ஒத்திவைத்த தீர்மானத்துக்கு இனி வருவோம். பறை வேண்டுமா, வேண்டாவா என்று கேட்பதால் விடை கிடைக்காது. குச்சியை எடுக்கவும் கீழே வைக்கவும் உரிமை எவரிடம் உள்ளது என்றே கேட்க வேண்டும். அவ்வுரிமை அடிப்பவனிடம் இருந்தால் அது கலை. அழைப்பவனிடம் இருந்தால் அடிமைத்தனம். அளவுகோல் இதுவாயின், முதியோரும் இளைஞரும் ஒரே வரிசையில் நிற்கலாம். முதியோர் கீழே வைத்து உரிமையை நிலைநாட்டினர். அவ்வுரிமை கைவந்த பிறகே இளைஞர் விரும்பி எடுக்க நினைக்கின்றனர். முன்னது நடவாதிருப்பின் பின்னதற்கு இடமே இல்லை.

இக்கருத்தின் அடிப்படையில் சங்கத்தின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: மாலைப் பாடசாலையின் நேரத்தில் ஒரு நிமிடமும் குறைக்கலாகாது. கணக்கும் ஆங்கிலமும் கற்கும் நேரம் நம் முன்னோர் உதிரம் சிந்திப் பெற்ற நேரம். பறைப்பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே நடைபெறுக.

இரண்டு: பயிற்சிக்கு வருவது பிள்ளையின் விருப்பமும் பெற்றோர் இசைவும் சார்ந்தது. வராத பிள்ளையை எவரும் ஏளனம் செய்யலாகாது. பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளுக்கு நிகரான இடம் வேண்டும். பிற தெருப் பிள்ளைகள் வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

மூன்று: வழக்கம் என்ற பெயரில் கூலி பேசாமல் எவர் வீட்டுக்கும் நம்மவர் எவரும் அடிக்கச் செல்லலாகாது. தொழிலாக அடிப்பவர் ஊதியத்தை முன்கூட்டியே பேசுக; அமர இடம் கேட்க; சாராயத்தைக் கூலியாகப் பெறற்க. கட்டாயப்படுத்துவோர் மீது சட்டப்படி புகார் எழுதச் சங்கம் துணை நிற்க வேண்டும்.

நான்கு: நம் வட்டாரத்தில் இன்றும் அடிக்கும் பெரியவர்களை நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் உறுப்பினராக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாமலேயே பலர் உதவிகளை இழக்கின்றனர். கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் இப்பணியை முடித்துவிடலாம்.

ஐந்து: அப்பெரியவர்களுக்குத் தெரிந்த அடிவகைகளையும், கருவி செய்யும் முறையையும், அவர்கள் பட்ட அவமானங்களையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். இசையை மட்டும் பதிவு செய்து அவமானத்தை விட்டுவிட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்குப் பாதி வரலாறே கிடைக்கும்.

பெரியோர்களே, இளைஞர்களே! நம் பாட்டனாரின் பறை இன்றும் நம் வீட்டுப் பரணில் உள்ளது. தந்தையார் அதை எரிக்கவில்லை; அடிக்கவும் விடவில்லை. தோல் கிழிந்து, வட்டக்கட்டை மட்டும் எஞ்சியிருக்கிறது. சென்ற திங்கள், கல்லூரியில் படிக்கும் நம் மகள் அதனை இறக்கித் துடைத்து, “இதற்குத் தோல் கட்டலாமா, அப்பா?” என்று கேட்டாள். “உன் விருப்பம், அம்மா” என்றோம். நம் பாட்டனாரிடம் அவ்வாறு கூற அவர் காலத்தில் எவரும் இல்லை.

பொதுக்குழுவிலிருந்து துண்டை உதறிக்கொண்டு எழுந்து சென்ற பெரியவர் இன்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு நம் தனி வணக்கம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வாக்குக்கு வரும்போது, முதலில் பேச அவரையே அழைக்குமாறு தலைவர் அவர்களை வேண்டி, நம் உரையை நிறைவு செய்கிறோம்.